மாரியில் இறங்கும் உடம்பு, வெட்டுக்குப் பின் ஏறும் உடம்பு

சித்திரை வருசத்துக்கு அளவெடுத்துத் தைத்த பிளவுஸ் மார்கழியில் தோளில் நிற்காமல் வழுகும். அடுத்த சித்திரைக்கு அதுவே மறுபடி பிடிக்கும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் வயல் வேலைக்குப் போகிற பெண்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. “என்னகா, மாரியோட இப்பிடி வத்திப்போயிட்டாய்?” என்பது அங்கே சுகம் விசாரிக்கிற பேச்சு, அவ்வளவுதான். ஆனால் ஒரே உடம்பு ஆண்டுக்கொரு தடவை இறங்கி ஏறுவதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அது பிடிபட்டால் எந்த இறக்கத்தைக் கண்டும் காணாமல் விடலாம், எதற்குக் கிளினிக் ஏற வேண்டும் என்று பிரித்துப் பார்க்கலாம்.

இதைப் பருவகால எடை மாற்றம் என்பார்கள். சாப்பாடு, வேலை, நோய் மூன்றும் ஆண்டு முழுக்க ஒரே அளவில் இருக்கிற ஊரில் இது பெரிதாகத் தெரியாது. மழையை நம்பி விதைத்து வெயிலில் வெட்டுகிற ஊரில் தெரியும். சாப்பாட்டில் வரும் சக்தியை விட வேலையில் போகும் சக்தி கூடினால், இடுப்பிலும் தொடையிலும் வயிற்றிலும் சேர்த்து வைத்த கொழுப்பை உடம்பு கரைத்துக் கொடுக்கும். போன வெட்டில் கட்டி அடுக்கிய நெல் மூட்டையை மாரியில் அவிழ்ப்பது போலத்தான். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. மூட்டையில் நெல் தவிர வேறொன்றும் இராது. உடம்போ கொழுப்பை எடுக்கும்போது கூடவே கொஞ்சம் தசையையும் எடுத்துவிடும். ஏற்கெனவே மெலிந்தவரிடம் கரைக்கக் கொழுப்பு குறைவு, ஆகவே தசையிலிருந்து போகும் பங்கு கூடும். 60 கிலோ பெண் 2 கிலோ இழப்பதும் 42 கிலோ பெண் 2 கிலோ இழப்பதும் தராசில் ஒரே எண். உடம்புக்குள் நடப்பது வேறு வேறு.

ஆண்டு எப்படிச் சுழல்கிறது

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வேளாண்மை என்றால் நெல்தான். மாரி வேளாண்மைக்குப் புரட்டாசி, ஐப்பசியில் உழவு. ஐப்பசி, கார்த்திகையில் விதைப்பு. வாடைக் காற்றோடு மழை இறங்கி மார்கழி, தை வரை அடிக்கும். தை கடைசியிலிருந்து பங்குனி வரை வெட்டு. உன்னிச்சை, உறுகாமம், நவகிரி போன்ற குளங்களின் நீர் எட்டும் வயல்களிலும், சேனாநாயக்க சமுத்திரத்தின் வாய்க்கால் பாயும் அம்பாறை வயல்களிலும் கோடை வேளாண்மையும் உண்டு. சித்திரை, வைகாசியில் விதைத்து ஆவணி வாக்கில் வெட்டுவார்கள். மானாவாரி நிலத்தில் மாரி ஒன்றுதான்.

எடையும் இதன் பின்னாலேயே போகும். மானாவாரிக் கிராமத்தில் ஆண்டுக்கு ஒரு பள்ளத்தை எதிர்பார்க்கலாம். அது கார்த்திகையில் தொடங்கித் தையில் அடி தொடும். இரு போகம் விளையும் இடத்தில் பள்ளம் இரண்டாகப் பிரிந்து ஆழம் குறையும். ஒரே பிரதேச செயலகப் பிரிவுக்குள்ளேயே வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் வேறு மாதிரி இருக்கலாம் என்பதால் “எங்கட ஊரில இப்பிடி” என்று மாவட்டத்துக்கே பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. வாவிக்குக் கிழக்கே, கடலோர எழுவான்கரையில் மீன்பிடியை நம்பிய வீடுகளின் கணக்கு இன்னும் வேறு. அங்கே வாடைக்குக் கடல் கொந்தளித்துத் தோணி இறங்காத நாட்கள்தான் கைமுட்டான நாட்கள்.

மார்கழியில் ஏன் எல்லாம் ஒன்றாக வந்து விழுகிறது? போன பங்குனியில் வெட்டிய நெல் பெரும்பாலும் விற்றாயிற்று அல்லது தின்று முடிந்தது. புது நெல் வர இன்னும் இரண்டு மாதம். உழவு மெசின், விதை நெல், பசளை, களைக்கு அடிக்கிற எண்ணெய் என்று கையில் இருந்த காசு ஐப்பசியிலேயே வயலுக்குள் போய்விட்டது. பல வீடுகளில் நகையும் அடகுக் கடையில். மழையில் கூலி வேலையும் விட்டு விட்டுத்தான். 2011 தையிலும் 2024 கார்த்திகைக் கடைசியிலும் அடித்த வெள்ளம் போல ஒன்று வந்தால் பாதையும் அடைபடும், கடைச் சாமான் விலையும் ஏறும். வரவு இப்படிச் சுருங்குகிற அதே நாட்களில்தான் பெண்ணின் வேலை உச்சத்தில் நிற்கிறது.

களை பிடுங்குகிற ஆறு மணித்தியாலம்

இங்கே பெரும்பாலும் வீச்சு விதைப்புத்தான், நாற்று நடுகை குறைவு. ஆகவே வயலில் பெண்களின் பெரிய வேலை களை. எண்ணெய் அடித்தும் சாகாத நெற்சப்பியையும் கோரையையும் கையால் பிடுங்க வேண்டும். முழங்கால் வரை சேறு, இடுப்பு மடங்கியபடி, ஈரம் சொட்டும் உடுப்போடு. சேற்றில் ஒவ்வோர் அடியையும் உருவி எடுத்து வைப்பதே ஒரு வேலை.

கணக்கைப் பார்ப்போம். 45 கிலோ எடையுள்ள பெண் ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தாலே மணிக்கு ஏறக்குறைய 50 கலோரி செலவாகும். மூச்சு, இதயம், மூளை, உடற்சூடு எல்லாவற்றுக்குமான அடிப்படைச் செலவு அது. வீட்டு வேலையில் அது சுமார் இரண்டரை மடங்காகும், 125 கலோரி. களை பிடுங்கும்போது சுமார் நான்கு மடங்கு, 200 கலோரி. வித்தியாசம் மணிக்கு 75. ஆறு மணித்தியாலத்துக்கு 450.

இந்த 450 கலோரியைச் சோறாக ஈடுசெய்ய 130 கிராம் அரிசி வேண்டும். ஒரு சுண்டு அரிசி ஏறக்குறைய 200 கிராம். அதாவது வழக்கமாகச் சாப்பிடுவதற்கு மேல் அரைச் சுண்டைத் தாண்டி, முக்கால் சுண்டுக்குள். கேட்கச் சின்ன விசயம். ஆனால் அரிசிப் பானையின் அடி தெரியத் தொடங்கிய மாதத்தில், ஆறு பேருக்குப் பரிமாறிவிட்டுக் கடைசியாகச் சாப்பிட உட்காருகிற பெண்ணுக்குத் தினமும் அந்த அரைச் சுண்டு கிடைக்குமா? பாதி கிடைத்தது என்று வைத்துக்கொண்டாலும் நாளுக்கு 225 கலோரி குறை. 40 வேலை நாளில் 9,000. அதன் பிறகு கூலியும் இல்லாமல் வெட்டும் தொடங்காமல் ஒரு 20 நாள், நாளுக்கு 200 குறைந்தால் 4,000. மொத்தம் 13,000 கலோரி. ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது, ஆக ஏறக்குறைய 1.7 கிலோ.

இது தாளில் போட்ட கணக்கு. உடம்பு இவ்வளவு நேராக நடக்காது. வரவு குறைகிறது என்று தெரிந்தால் அது தன் அடிப்படைச் செலவையே கொஞ்சம் இறுக்கும். ஆளும் தெரியாமலே அசைவைக் குறைத்துக்கொள்வார். வயலால் வந்ததும் முற்றம் கூட்டாமல் திண்ணையில் சாய்வது அந்தச் சிக்கனம்தான். அதைச் சோம்பல் என்று பேசுகிறவர்கள் ஒரு நாள் வரம்பில் இறங்கிப் பார்க்கலாம். மறுபக்கம், காய்ச்சல் வந்தால் கணக்கு மேலே போகும். உடற்சூடு ஒரு பாகை செல்சியஸ் ஏறினால் அடிப்படைச் செலவு பத்து சதவீதத்துக்கு மேல் கூடும், வாயும் கசக்கும். வடகிழக்கு மழையோடுதான் டெங்கு ஏறுகிறது. வெள்ளத்துக்குப் பின் வயிற்றோட்டம். வயல் சேற்றில் எலிக்காய்ச்சல். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வயலுக்கு இறங்குமுன் எலிக்காய்ச்சலுக்குக் குடிக்கத் தருகிற டொக்சிசைக்கிளின் குளிசை கர்ப்பிணிகளுக்கு ஏற்றதல்ல. மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

வெட்டுக் காலத்தில் வேலை குறைவா என்றால், முன்பு இல்லை. கத்தியால் வெட்டி, கட்டி, சுமந்து, சூடடித்து, தூற்றியதெல்லாம் கடும் வேலைதான். ஆனால் வயிற்றுக்குக் கைமேல் கிடைத்தது. இப்போது வெட்டு மெசின் ஒரு வயலை ஒரு பொழுதுக்குள் முடித்துவிட்டுப் போகிறது. பெண்ணின் உடம்புக்கு அது இளைப்பாறல், உண்மை. வெட்டுக் கூலியும், சிந்திய கதிர் பொறுக்கிச் சேர்த்த நெல்லும் அதே மெசினோடு போயின என்பதும் உண்மை. அந்தக் கதிர் நெல் பல வீடுகளில் பெண்ணின் கையில் தனியாக இருந்த நெல். களை வேலை மட்டும் மெசினுக்குப் போகாமல் அவள் தலையிலேயே நின்றுவிட்டது.

கம்பியாவில் எடுத்துப் பார்த்தது

இந்தச் சுழற்சியை உலகில் நீண்ட காலம் உற்றுப் பார்த்த இடங்களில் ஒன்று மேற்கு ஆபிரிக்காவின் கம்பியாவில் இருக்கும் கெனபா என்ற கிராமம். பிரித்தானிய மருத்துவ ஆய்வாளர்கள் 1949 முதல் அந்த ஊர்க்காரரை அளந்து வந்தார்கள். நமக்கு மார்கழி எப்படியோ அவர்களுக்கு ஆடி, ஆவணி அப்படி. மழை பெய்யும், களஞ்சியம் வெறுமையாகும், பெண்கள் நெல் வயலில் குனிந்து நிற்பார்கள். கர்ப்பிணிகள்கூட அந்த மாதங்களில் போதிய எடை ஏறாமலோ இறங்கியோ போனார்கள். பிள்ளைகள் நிறை குறைந்து பிறந்தன.

அங்கே செய்த ஒரு சோதனையின் முடிவு 1997 இல் வெளிவந்தது. கர்ப்பத்தின் பாதியிலிருந்து நாளுக்குச் சுமார் 1,000 கலோரி தரும் பிஸ்கட்டைக் கொடுத்தார்கள். கச்சானும் அரிசி மாவும் சீனியும் எண்ணெயும் சேர்த்துச் சுட்டது. பசிக் காலத்தில் பிறந்த பிள்ளைகளின் நிறை சராசரியாக 201 கிராம் கூடியது. அறுவடைக் காலத்தில் பிறந்தவற்றுக்கு 94 கிராம்தான் கூடியது. ஒரே பிஸ்கட், ஒரே அளவு. பள்ளத்தில் நின்றவருக்குக் கொடுத்தபோது இரண்டு மடங்கு வேலை செய்தது. ஆண்டு முழுக்கச் சமமாகப் பங்கிடுவதை விட மார்கழியில் கூட்டிக் கொடுப்பது ஏன் நல்லது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

(மட்டக்களப்பில் கச்சான் என்றால் நிலக்கடலையும்தான், கோடையில் மேற்கிலிருந்து அனலாக வீசும் காற்றும்தான். இங்கே சொல்வது வறுத்துத் தின்னும் கச்சானை.)

தராசு பொய் சொல்லும் இடங்கள்

எடை இறங்கியதா என்று பார்க்குமுன் தராசையும் நேரத்தையும் சரி பார்க்க வேண்டும். காலையிலிருந்து பின்னேரத்துக்குள்ளேயே ஒருவர் எடை ஒன்று, ஒன்றரைக் கிலோ மாறலாம். சாரி உடுத்து ஏறினால் அதுவே அரைக் கிலோவுக்கு மேல். நனைந்த பாவாடை இன்னும் பாரம். மாதவிலக்குக்கு முந்திய நாட்களில் நீர் கோத்து ஒரு கிலோ வரை கூடி நிற்கும். பங்குனி வெயிலில் நெல் காயப்போட்டுவிட்டு வந்து ஏறினால் வியர்த்த தண்ணீர் குறையாகத் தெரியும். ஒரு லீட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அது மெலிவல்ல, தாகம். பருவகால இறக்கமே ஒன்றிரண்டு கிலோ என்னும்போது இந்தச் சில்லறைகள் சேர்ந்து உண்மையை மறைத்துவிடும்.

ஆகவே காலையில் எழும்பி, வெளிக்குப் போய் வந்து, தேத்தண்ணி குடிக்குமுன், மெல்லிய உடுப்போடு, செருப்பில்லாமல் நில்லுங்கள். தராசு சீமெந்துத் தரையில் இருக்கட்டும். சாணம் மெழுகிய தரையிலும் பாயின் மேலும் வைத்தால் ஆடி எண் மாறும். ஏறி இரண்டு காலிலும் சமமாக நின்று, குனியாமல் இன்னொருவரைக் கொண்டு வாசிக்கச் சொன்னால் நல்லது. எட்டிப் பார்க்கக் குனிந்தால் முள் ஓடும். தராசு சரியா என்று அறிய ஒரு வழி: ஏறி நின்று எண்ணைப் பாருங்கள். பிறகு முத்திரை உடையாத 5 கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். வித்தியாசம் 5 கிலோவுக்குக் கிட்ட வர வேண்டும். நாலரை அல்லது ஐந்தரை காட்டினால் அந்தத் தராசை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம்.

மூன்று நாள் அடுத்தடுத்துப் பார்த்து நடு எண்ணை எழுதிக்கொள்வது நல்ல பழக்கம். மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஐந்து தடவை போதும்: விதைப்புக்கு முன் புரட்டாசிக் கடைசி, களை முடிகிற மார்கழி நடு, வெட்டுக்கு முந்திய தை, வருசம் கழிந்த சித்திரைக் கடைசி, கச்சான் காற்று வீசும் ஆடி. எழுதும்போது மாதத்தையும் சேர்த்து எழுத வேண்டும், ஏனென்றால் ஒப்பிட வேண்டியது போன மாதத்தோடல்ல, போன ஆண்டின் அதே மாதத்தோடு. தையில் 46 இருந்தவர் அடுத்த தையில் 46 என்றால், நடுவில் 48 வரை போய் வந்திருந்தாலும், உடம்பு தன் சுற்றில்தான் நிற்கிறது. சித்திரையில் 48 இருந்தவர் அடுத்த சித்திரையில் 46 என்றால் ஏற்றம் வரவில்லை என்று அர்த்தம். அதுதான் கவனிக்க வேண்டிய எண்.

தராசு இல்லாத வீட்டுக்குத் தையற்காரரின் அளவு நாடா போதும். இடது தோள் எலும்பின் முனைக்கும் மடக்கிய முழங்கையின் முனைக்கும் நடுவில் பேனையால் ஒரு கோடு. பிறகு கையைத் தொங்க விட்டு அந்தக் கோட்டில் நாடாவைச் சுற்றிப் பார்க்க வேண்டும். சதையை அமத்தக் கூடாது, இடைவெளியும் விடக் கூடாது. வளர்ந்த பெண்ணுக்கு 23 சென்ரிமீற்றருக்குக் கீழே என்றால் மெலிவு. நீர் கோத்தாலும் கர்ப்பமானாலும் கைச் சுற்றளவு அவ்வளவாக மாறாது என்பதால் சில வேளை இது தராசை விட நேர்மையானது.

எந்த உயரத்திலிருந்து இறங்குகிறோம்

ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த, 150 சென்ரிமீற்றர் உயரமான ஒருவரை எடுப்போம். உயரத்தை மீற்றரில் அதனாலேயே பெருக்கினால் 2.25. எடையை அதனால் வகுத்தால் உடற்திணிவுச் சுட்டி. 18.5 இற்குக் கீழே மெலிவு, அவருக்கு அது 41.6 கிலோ. புரட்டாசியில் 43 கிலோ என்றால் சுட்டி 19.1, பாதுகாப்பான பக்கம். மார்கழிக்குள் 2 கிலோ இறங்கினால் 18.2. களை பிடுங்குகிற அந்த இரண்டு மாதத்தில் அவர் கோட்டைத் தாண்டிவிட்டார், சித்திரையில் எடுத்துப் பார்க்கிறவருக்கு அது தெரியவே வராது. இதே 2 கிலோ 55 கிலோ பெண்ணிடம் இறங்கினால் 24.4 இலிருந்து 23.6. கவலையில்லை, கொஞ்சம் நல்லதுகூட, ஆசியருக்கு 23 இலிருந்தே சீனி வருத்தம், பிரசர் ஆபத்து ஏறத் தொடங்குகிறது என்பதால்.

கர்ப்பிணியின் கணக்கு தனி. சுட்டி 18.5 இற்கும் 24.9 இற்கும் இடைப்பட்டவர் கர்ப்பகாலம் முழுக்க 11.5 முதல் 16 கிலோ ஏற வேண்டும். 18.5 இற்குக் குறைந்தவர் 12.5 முதல் 18 கிலோ. நாலாம் மாதத்துக்குப் பின் கிழமைக்கு அரைக் கிலோ வரை ஏறுவது முறை. ஆகவே கார்த்திகையில் 50, மார்கழியில் 50 என்றால் “எடை மாறேல்ல, சரிதானே” என்று இருந்துவிடக் கூடாது. ஏற வேண்டிய 2 கிலோ ஏறவில்லை. பிள்ளை வளர்ந்த நிறையைத் தாய் தன் உடம்பிலிருந்து கொடுத்திருக்கிறாள். தை, மாசியில் பிள்ளை பிறக்க இருப்பவர்களுக்குக் கடைசி மூன்று மாதமும் பள்ளத்துக்குள் விழுகிறது. அப்போது நாளுக்கு 450 கலோரிக்கு மேல் கூடுதலாக வேண்டும், முழுதாகத் தாய்ப்பால் கொடுப்பவருக்கு 500 வரை. வயல் வேலைக்கு வேண்டிய கூடுதலையும் இதையும் சேர்த்து ஒரே வயிற்றால் உண்டு முடிப்பது எளிதல்ல. அவரைக் களைக்கு அனுப்பாமல் விடுவது, அரைச் சுண்டுக்கு மேல் அரிசி கூட்டிக் கொடுப்பதற்குச் சமம். செலவும் இல்லை.

கிளினிக்கில் தருகிற திரிபோஷ என்ற சத்துமா நாளுக்கு 50 கிராம் என்ற கணக்கில் மாதத்துக்கு 750 கிராம் பைக்கற் இரண்டு. 1973 இலிருந்து நாட்டில் இருக்கிற திட்டம், சோளனும் சோயாவும் பால்மாவும் கலந்தது. இதில் நடக்கிற பிழை எல்லாருக்கும் தெரியும்: உருண்டை பிடித்து வீடு முழுக்கப் பங்கிட்டு எட்டு நாளில் முடிப்பது. பிள்ளைகள் கேட்கும்போது மறைத்து வைத்துத் தின்ன எந்தத் தாய்க்கும் மனம் வராது. அதனால் பிள்ளைகளுக்கு வேறொன்றைக் கையில் கொடுத்துவிட்டு, தாய்க்குரியதைக் காலையில் வயலுக்குப் போகுமுன் அடுப்படியிலேயே தின்ன வைப்பதுதான் நடைமுறை.

பள்ளத்தை ஆழமாகாமல் பார்ப்பது

மாரியில் இலைவகைக்குக் குறைவில்லை. வல்லாரை, பொன்னாங்காணி, முசுட்டை எல்லாம் வேலியோரத்தில் தானே வரும். விராலும் வயல் வாய்க்காலுக்குள் ஏறும். சேனையில் சோளன் பொத்தி முற்றும். சத்து இருக்கிறது, சக்திதான் போதாது. இலைச் சுண்டலை வயிறு நிறைய உண்டாலும் 450 கலோரி வராது. ஆகவே எண்ணெய்த் தன்மை உள்ளதை, பருப்பு வகையைச் சேர்க்க வேண்டும். 50 கிராம் கச்சான், இரண்டு சின்னக் கைப்பிடி, 280 கலோரியும் 13 கிராம் புரதமும் தரும். துருவிய தேங்காய் 50 கிராம், 175 கலோரி. பயறு 50 கிராம், 170 கலோரியும் 12 கிராம் புரதமும். எருமைத் தயிர் நூறு கிராம் ஒரு நூறு கலோரி.

விடிய வெறுந்தேத்தண்ணியோடு போய்ப் பதினொரு மணிக்கு முதல் சோறு என்பதுதான் வழக்கமான ஓட்டை. இடையில் கடைப் பணிஸ் ஒன்று. அதற்குப் பதில் முதல் நாள் சோற்றைத் தண்ணீர் ஊற்றி வைத்து, விடிய வெங்காயம், பச்சை மிளகாய், கால் மூடித் தேங்காய்ப் பால் பிழிந்து இரண்டு அகப்பை தின்றுவிட்டு இறங்கினால் 450 இல் பெரும்பாதி அங்கேயே அடைபட்டுவிடும். பழஞ்சோற்றைக் கேலி செய்யத் தொடங்கியது நாம் செய்த பெரிய மடைத்தனம்.

சாப்பாட்டை விட முந்தியது நெல். நான்கு பெரியவர்களுக்குச் சமமான வீட்டில் நாளுக்கு ஒன்றரைக் கிலோ அரிசி என்றால், கார்த்திகைத் தொடக்கத்திலிருந்து மாசி நடு வரை 105 நாளுக்கு 158 கிலோ. நெல்லில் சுமார் 65 சதவீதம் அரிசியாகும், எனவே 243 கிலோ நெல், 65 கிலோ மூட்டையில் நான்கு. அந்த நாலு மூட்டையை விற்காமல் வைப்பதுதான் மார்கழிக்கான காப்புறுதி. பிழைக்கிற இடம் ஈரம். மெசினால் வெட்டிய நெல் இருபது சதவீதத்துக்கு மேல் ஈரத்தோடு வரும். 14 சதவீதத்துக்கு இறங்கும் வரை இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் மெல்லியதாகப் பரப்பிக் கிளறிக் காய வைக்காவிட்டால் ஆவணிக்குள் வண்டும் பூஞ்சணமும் வந்துவிடும். பல்லால் கடித்தால் நசுங்காமல் ‘டக்’கென்று உடைய வேண்டும். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை போட்டு, சுவரில் முட்டாமல், போன வெள்ளம் ஏறிய உயரத்துக்கு மேலே அடுக்க வேண்டும். கீழே வைத்த நெல்லை வெள்ளம் தொட்டால் விதைக்கும் ஆகாது, சோற்றுக்கும் ஆகாது.

அம்பாறைக் கரையோர முஸ்லிம் கிராமங்களில் இன்னொன்று சேரும். நோன்பு ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்வதால் அது எப்போதும் ஒரே பருவத்தில் விழாது. 2026 இல் மாசியில், வெட்டோடு வந்தது. இன்னும் நாலைந்து ஆண்டில் தை, மார்கழிக்குள், அதாவது பள்ளத்தின் அடிக்கே வரும். விடியுமுன் சாப்பிடும் சஹரில் சோற்றோடு பருப்பு, முட்டை என்று ஒன்று சேராவிட்டால் பகல் வயல் வேலை தசையைத்தான் தின்னும்.

இறங்காமல் ஏறிக்கொண்டே போகும் உடம்பு

எல்லார் பிரச்சினையும் மெலிவு அல்ல. வெட்டு முடிந்து சித்திரை வருசப் பலகாரம், வைகாசியில் அம்மன் சடங்கு, கலியாண வீடுகள். எடை இரண்டரைக் கிலோ ஏறுகிறது. மாரி வேலை முன்பு போல இல்லாததால் ஒன்றரைதான் இறங்குகிறது. ஆண்டுக்கு ஒரு கிலோ மிச்சம், பத்து ஆண்டில் பத்துக் கிலோ. எந்த ஓர் ஆண்டிலும் கூடியதாகத் தெரியாது, ஏனென்றால் மார்கழியில் மெலிந்தோமே என்ற நினைப்பு மட்டும் மனதில் நிற்கும். இவர்களும் தை எண்ணைத் தையோடுதான் ஒப்பிட வேண்டும். 35 வயதைத் தாண்டியவர்களுக்குச் சுகவனிதையர் கிளினிக்கில் பிரசரும் சீனியும் பார்ப்பார்கள்.

சீனி வருத்தத்துக்கு கிளிக்லசைட் போன்ற குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள் களை நாட்களில் தனிக் கவனம் எடுக்க வேண்டும். அதே மருந்து, கூடிய வேலை, தாமதித்த சோறு. சீனி சட்டென்று இறங்கும். கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டு என்று வந்தால் வரம்பில் இருந்து, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுப் பிறகு சோறு சாப்பிட வேண்டும். சீனிப் பொட்டலம் சோற்றுப் பெட்டிக்குள் இருக்கட்டும், வீட்டு அலுமாரியில் இருந்து பயனில்லை. வேலைக் காலம் தொடங்குமுன் மருந்தின் அளவை வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. தாமாகக் குறைக்கக் கூடாது.

இனி, பருவம் என்று சொல்லி மூடிவிடக் கூடாத இறக்கம். ஆறு மாதத்தில் எடையில் இருபதில் ஒரு பங்கு, 50 கிலோவில் இரண்டரை, காரணமில்லாமல் போயிருந்தால். வெட்டு முடிந்து சோறு தாராளமாகக் கிடைத்தும் சித்திரைக்குள் ஏறாவிட்டால். அடிக்கடி தாகம், இரவில் பல தடவை சிறுநீர், நெஞ்சுப் படபடப்பு, உடம்பில் கட்டி என்று எதுவும் கூட இருந்தால், மாரி வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு கிழமைக்கு மேல் இருமலும் பின்னேரக் காய்ச்சலும் சேர்ந்தால் சளிப் பரிசோதனை கட்டாயம், அரச வைத்தியசாலைகளில் அது இலவசம். மருத்துவமாதுவிடம் போகும்போது மாதம் போட்டு எழுதிய அந்தக் கொப்பியையும் கொண்டு போங்கள். “மெலிஞ்சிட்டேன்” என்ற ஒரு சொல்லை விட, அதிலுள்ள ஐந்து எண்களைப் பார்த்து அவர் விரைவாக முடிவெடுப்பார்.